அப்பா பெட்டியில கிடைச்ச மர பாபின் - வி.கே.புரம் மில்லுக்காரங்க யாராவது இருக்கீங்களா?

மேலக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் பொறந்தது திருநெல்வேலிப் பக்கம் விக்கிரமசிங்கபுரம், அதான் வி.கே.புரம், பாபநாசத்துக்குக் கீழ மலையடிவாரத்துல இருக்குல்லா அந்த ஊருதான். அப்பா அங்க நூல் மில்லுல வேலை பாத்தாங்க. 1986-ல நான் நாலாங்கிளாஸ் முடிச்ச லீவுல குடும்பத்தோட கோயம்புத்தூர் வந்துட்டோம், அதுக்கப்புறம் ஊருக்குப் போனதுன்னா ரெண்டு கல்யாணம், ஒரு துட்டி, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில அப்பா தவறிட்டாங்க. வருசம் திரும்பப் போகுதேன்னு அவங்க டிரங்குப் பெட்டிய இப்பத்தான் திறந்து பாத்தோம். வேட்டி, எல்.ஐ.சி பேப்பரு, பழைய ரேசன் கார்டு, எல்லாத்துக்கும் அடியில ஒரு துண்டுல சுத்தி ஒரு மர பாபின், மில்லுல நூல் சுத்துற கட்டை, இருந்துச்சு. ஒரு சாணுக்கு மேல நீளம், நடுவுல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஓட்டை, ஒரு ஓரத்துல தகரப்பூண், பூணுக்கு மேல பச்சைப் பெயிண்ட் வட்டமா அடிச்சு பாதி தேஞ்சு போயிருக்கு. ஒரு பக்கம் நீளமா கீறல் விட்டிருக்கு. கைல எடுத்தா வழுவழுன்னு இருக்கு, அப்படி ஒரு வழுவழுப்பு.

அப்பா ரிங் பிரேம்ல, அதான் நூல் முறுக்குற மிசின்ல, சைடரா (மிசினைப் பாத்துக்கிற ஆளா) இருந்தாங்கன்னு தெரியும். இது ரிங் பிரேம் பாபினா? அந்தப் பச்சை எதுக்கு? இதை ஏன் இத்தனை வருசம் துண்டுல சுத்தி வச்சிருந்தாங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன், "அது கெடக்கட்டும் எடுத்து உள்ள வையி"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க.

எனக்கு ஊரு ஞாபகம்னா துண்டு துண்டாத்தான் இருக்கு. மில்லுச் சங்கு ஊதுறது, அப்பா வீட்டுக்குள்ள வரும்போது புருவத்துலயும் காது மடல்லயும் வெள்ளையா பஞ்சு ஒட்டியிருக்கிறது, தாமிரபரணி ஆத்துல இறங்கின உடனே அந்தப் பஞ்செல்லாம் தண்ணியில மிதந்து போறது. மிச்சத்த சொல்ல இப்ப அப்பா இல்ல. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, சின்ன விசயமா இருந்தாலும் பரவாயில்ல, எழுதி வச்சுக்கணும்னு ஆசை.

---

பழைய_சைடர்:

தம்பி, உங்க அப்பா ஆத்மா சாந்தியடையட்டும். நானும் அதே மில்லுதான், முப்பத்தோரு வருசம் நின்னுட்டு வெளிய வந்தவன். என் பேத்தி உங்க பதிவை வாசிச்சுக் காட்டுனா, நான் சொல்லச் சொல்ல அவதான் டைப் பண்ணுதா.

முதல்ல பாபின் விசயத்துக்கு வாரேன். ரெண்டு காரியம் பண்ணிப் பாருங்க. ஒண்ணு, அதைத் தரையில உருட்டி விடுங்க. நேரா உருண்டு போகுதா, இல்ல ஒரு பக்கமா வளைஞ்சு போகுதா? ரிங் பிரேம் பாபின் அடியில பெருசா நுனியில சிறுசா இருக்கும், உருட்டுனா வளைஞ்சுதான் போகும். ரெண்டு, பூண் இருக்கிற பக்கம் அடியில வெட்டு வெட்டா காடி இருக்கான்னு பாருங்க. நேரா உருண்டு அடியில காடியும் இருந்தா அது ஸ்பீட் பிரேம் பாபின். அந்தக் காடிதான் மிசின்ல பல்லோட போய் உக்காரும்.

பெயிண்ட் எதுக்குன்னா, கவுண்ட், அதாவது நூலோட நம்பர், மாறிப் போகாம இருக்கத்தான். நாப்பதாம் நம்பர் நூலு, அறுபதாம் நம்பர் நூலு எல்லாம் பக்கத்துப் பக்கத்து மிசின்ல ஓடும், ஒண்ணுக்கு போற பாபின் இன்னொண்ணுல போயிட்டா மொத்தமும் வீணு. அதனால கவுண்டுக்கு ஒரு கலர். பச்சை எந்த கவுண்டுன்னு கேட்டா சொல்ல முடியாது, வருசத்துக்கு வருசம் மாத்துவாங்க.

தெரியாதவங்களுக்கும் சேத்து சொல்லிடுதேன். பஞ்சு பேல் வந்து புளோ ரூம்ல உடையும், அங்கன தூசி தட்டி கார்டிங் போகும், கார்டிங்ல இருந்து கயிறு மாதிரி தொளதொளன்னு கேன்ல வந்து விழும், அது டிராயிங், அப்புறம் ஸ்பீட் பிரேம்ல லேசா முறுக்கி இந்த மாதிரி பெரிய பாபின்ல சுத்தும், அதை ரிங் பிரேம்ல மேல மாட்டி இழுத்து முறுக்குனாத்தான் நூலு. ஸ்பீட் பிரேம்ல அறுந்தா பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்து ஒரு உருட்டு உருட்டி ஒட்டணும், முடிச்சுப் போடக்கூடாது. அந்த உருட்டு கைக்கு வந்துட்டா தூக்கத்துலயும் விரல் ஆடும். என் பொஞ்சாதி சொல்லுவா, ராத்திரி என் விரல் பாட்டுக்கு பெட்சீட்ட உருட்டிக்கிட்டு இருக்கும்னு.

உருட்டிப் பாத்துட்டு சொல்லுங்க.

---

கோடைமேலழகியான்:

பழைய_சைடர் அண்ணாச்சி எழுதுனதை வாசிச்சதும் உடம்பு சிலுத்துப் போச்சு. மில்லுக்குள்ள விசயம் அவங்க சொல்லட்டும், நான் விவசாயக் குடும்பம், ஆத்துப் பக்கத்த சொல்லுதேன்.

நம்ம ஊருக்கு ஏன் மில்லு வந்துச்சுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வின்னு அண்ணன் தம்பி, ஸ்காட்லாந்துக்காரங்க. கோவில்பட்டிப் பக்கம் கரிசல்ல விளையுற பருத்திய தூத்துக்குடி வழியா கப்பல்ல ஏத்துறதை விட இங்கயே நூலாக்கலாம்னு பாத்தாங்க. மிசின் ஓட்ட நிலக்கரி வேணும், அது இங்க கிடையாது. ஆனா வருசம் பூரா விழுற அருவி பாபநாசத்துல இருக்கு. அந்தத் தண்ணி வேகத்த வச்சே 1885 வாக்குல மில்லு ஓட ஆரம்பிச்சுட்டு. அதுக்குப் பொறவுதான் தூத்துக்குடி கோரல் மில், மதுரை மில் எல்லாம். அப்ப ரயிலே இந்தப் பக்கம் வரல, 1903-க்கு அப்புறம்தான் அம்பாசமுத்திரம் வழியா செங்கோட்டை, கொல்லம்னு ரயில் ஓடுச்சு. மாட்டு வண்டியில பஞ்சு வந்து மாட்டு வண்டியில நூல் போன மில்லுங்க இது. ஜே அண்ட் பி கோட்ஸ் கம்பெனியோட சேந்து மதுரா கோட்ஸ்ன்னு பேரு ஆனது 1974-ல.

இன்னொண்ணும் சொல்லணும். 1908-ல வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிங்க ஸ்டிரைக் பண்ணினாங்கல்லா, அதுவும் இதே ஹார்வி மில்லுதான். அந்த ஸ்டிரைக்லதான் சம்பள உயர்வும் ஞாயித்துக்கிழமை லீவும் வாங்குனாங்க. நாம ஞாயித்துக்கிழமை ஆத்துல நாள் பூரா கிடந்தோமே, அதுக்குப் பின்னாடி இப்படி ஒரு சண்டை இருக்குன்னு நான் பெரியவனாகி வாசிச்சப்பதான் தெரிஞ்சுது.

ஆறுன்னா, மேல பாபநாசம் அணை 143 அடி, அங்க 1944-லயே கரண்ட் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஆத்துல மொத்தம் எட்டு அணைக்கட்டு, அதுல முதல் அணைக்கட்டு நம்ம கோடைமேலழகியான், என் பேரு அதுல இருந்துதான். ஜூன்ல கார் சாகுபடிக்குத் தண்ணி திறந்தா வாய்க்கால்ல முதல் தண்ணி செந்நிறமா நுரைச்சுட்டு சருகை எல்லாம் தள்ளிட்டு வரும், எங்க தாத்தா வாய்க்கால் கரையில நின்னு ஒரு கை அள்ளி கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் மண்வெட்டிய எடுப்பாங்க. அதே நேரம் சாரலும் ஆரம்பிச்சிரும். மில்லுக்காரங்கள்ல பாதிப் பேருக்கு கொஞ்சம் வயலும் உண்டு, நைட் ஷிப்ட் முடிச்சுட்டு சைக்கிள்ல நேரா வயலுக்கு வந்து தண்ணி பாய்ச்சிட்டு அங்கன வரப்புலயே படுத்துத் தூங்குவாங்க, உச்சி வெயில் மூஞ்சியில அடிச்சாத்தான் எந்திப்பாங்க.

ஆறு எப்பவும் அப்படியே சாதுவா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். வ.வே.சு. ஐயர் 1925-ல இந்த அருவியிலதான், மகளைக் காப்பாத்தப் போயி ரெண்டு பேரும் போயிட்டாங்க. எங்க ஆச்சி அதைச் சொல்லியே எங்களை மேல போக விட மாட்டா. அப்புறம் 1992 நவம்பர் 13. ராத்திரி பூரா மழை, விடியக்காலம் ஆத்துச் சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு, உறுமுற மாதிரி. கரைப்பக்கம் வீடு இருந்தவங்களுக்கு எதையும் எடுக்க நேரம் இல்ல. தண்ணி வடிஞ்ச பிறகு போய்ப் பாத்தா படித்துறை எது பாறை எதுன்னு அடையாளம் தெரியல, மருதமரத்து உச்சாணிக் கொம்புல யாரோட சேலையோ சுத்திக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கும் அந்த மரத்தடியில நின்னா தலை தானா மேல போகும்.

---

சிவந்திபுரத்துப்பிள்ளை:

நான் மில்லுக்குள்ள போனதில்ல, ஆனா கேட் வரைக்கும் தினமும் போயிருக்கேன். ஸ்கூல் லீவு விட்டா அப்பாவுக்கு சோறு கொண்டு போறது என் வேலை. தூக்குச்சட்டியில சோறும் புளிக்கொழம்பும், மேல சின்னக் கிண்ணத்துல துவையல், மூடி கழண்டுறாம அம்மா துணியால முடிஞ்சு விடுவா. கேட்டுக்கிட்ட ஒரு வேப்பமரத்து நிழல்ல வரிசையா தூக்குச்சட்டியா நிக்கும், ஒவ்வொரு சட்டியிலயும் ஆணியால தட்டி எழுத்து போட்டிருக்கும். மாத்தி எடுத்துட்டுப் போயிட்டா அன்னிக்கு ஒரு வீட்டு அயிரமீன் கொழம்பு இன்னொரு ஆளு வயித்துக்குள்ள போயிரும், அது ஒரு வாரத்துக்குப் பேச்சா ஓடும்.

சங்கு பத்தி கேட்டீங்கல்லா. எங்க தெருவுல கடிகாரம் இருந்த வீடு ரெண்டே ரெண்டு. மத்த எல்லாருக்கும் சங்குதான். அந்தச் சங்குக்கு அடுப்பு பத்த வைக்கணும், இந்தச் சங்குக்கு ஸ்கூலுக்குக் கிளம்பணும், சாயங்காலச் சங்குக்கு விளக்கேத்தணும். பிள்ளை பொறந்தா ஜாதகக்காரர்கிட்ட "ரெண்டாம் ஷிப்ட் சங்குக்குக் கொஞ்சம் முன்ன"ன்னுதான் சொல்லுவாங்க, என் தம்பி ஜாதகமே அப்படிக் குறிச்சதுதான்.

போனஸ் வந்தா டாணா கடைத்தெருப் பக்கம் நடக்க இடம் இருக்காது. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, அல்வாக்கடை எல்லாத்துலயும் பெட்ரோமாக்ஸ் எரியும். அப்பா போனஸ் கவரை முதல்ல கொண்டு வந்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டுத்தான் எண்ணுவாங்க. எண்ணி முடிச்சதும் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஒரு புது நோட்டு, மடிக்காத நோட்டு, அதைச் செலவழிக்க மனசே வராது.

சித்திரை விசுவுக்கு பாபநாசம் கோயில், ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்தையனார். அமாவாசைக்கு நாங்க மூணு நாள் முன்னாடியே அரிசி பருப்பு சட்டி பானையோட போயி ஆத்தங்கரையில குடில் போட்டுத் தங்குவோம். இப்ப புலிகள் காப்பகம்னு கட்டுப்பாடு நிறைய, அது காட்டுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா அந்த மூணு நாள்ல சித்தி மக்க, அத்தை மக்க எல்லாரும் ஒரே பாயில படுத்து ஆத்துச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே தூங்குனது மாதிரி ஒரு தூக்கம் எனக்கு அப்புறம் வாய்க்கல.

எனக்கு இப்ப வயித்தெரிச்சலா இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. பாபநாசம் படித்துறையில பொரி போட்டா மீனு கூட்டம் கூட்டமா காலைச் சுத்தி வரும், அது இன்னும் இருக்கு. ஆனா பரிகாரம்னு சொல்லி கட்டுன துணிய அப்படியே ஆத்துல விட்டுட்டுப் போறாங்க. போன தடவை நான் இறங்குனப்ப கால்ல மீன் உரசுதுன்னு குனிஞ்சு பாத்தேன், ஒரு நைலக்ஸ் சேலை. தயவு செஞ்சு வாரவங்க யாரும் இதைச் செய்யாதீங்க. நம்ம ஊரு ஆறு, குடிக்கிற தண்ணி.

---

வேறொரு_மில்லூர்:

எனக்கு உங்க ஊரு இல்ல, நான் வேற ஒரு மில்லூர்ல வளந்தவன், பேரு வேண்டாம். உங்க எல்லார் எழுத்தையும் ரெண்டு தடவை வாசிச்சேன். ஒண்ணே ஒண்ணு சேத்து எழுதி வைங்கன்னு கேட்டுக்கிறேன்.

எங்க அப்பா கார்டிங்ல இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை நல்லா இருப்பாங்க, எங்களோட விளையாடுவாங்க. திங்கக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு வந்தா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்துருவாங்க, மூச்சு உள்ள போகாது. பஞ்சுத் தூசியால வர்ற நோயி அப்படித்தானாம், லீவுக்கு அப்புறம் வர்ற முதல் நாள்தான் ரொம்பப் படுத்துமாம். பின்னாடி ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது, அது வரைக்கும் சளி, பீடிப் பழக்கம்னு நாங்களே நினைச்சுக்கிட்டோம். அப்பா பீடியே குடிச்சதில்ல.

இதனால மில்லு காலத்த வெறுக்கிறேன்னு அர்த்தம் இல்லைங்க. அந்தச் சம்பளத்துலதான் நான் படிச்சேன், அக்கா கல்யாணம் நடந்துச்சு. புருவத்துல பஞ்சோட அப்பா வர்ற காட்சி எனக்கும் இருக்கு. அந்தப் பஞ்சு நெஞ்சுக்குள்ளயும் போயிருக்குங்கிறதையும் சேத்து எழுதிடுங்க, அவ்வளவுதான்.

---

பழைய_சைடர்:

வேறொரு_மில்லூர் தம்பி சொல்லுறது சத்தியம். என் கூட நின்னவங்க நிறைய பேரு இருமிக்கிட்டே போய்ச் சேந்தாங்க. வெல்லக்கட்டிய வாயில போட்டா தூசி இறங்கிரும்னு நாங்களா ஒரு வைத்தியம் வச்சிருந்தோம். மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு வேலை பாத்தா பக்கத்து மிசின்காரன் கேலி பண்ணுவான். அன்னிக்கு அவ்வளவுதான் விவரம்.

---

மேலக்காத்து:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்லன்னு தெரியல. நேத்து ராத்திரி எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன்.

அண்ணாச்சி, உருட்டிப் பாத்தேன். நேரா உருண்டு போய் பீரோ காலுல முட்டி நின்னுச்சு. அடியில காடியும் இருக்கு. அப்ப ஸ்பீட் பிரேம் பாபின்தானே? ஆனா அப்பா ரிங் பிரேம்தானேம்மான்னு கேட்டதும் அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம்தான் சொன்னாங்க.

கல்யாணமான புதுசுல அப்பா பதிலியாம். தினமும் மூணு ஷிப்டுக்கும் கேட்ல போய் நிக்கணுமாம், யாராவது வேலைக்கு வரலைன்னா உள்ள கூப்பிடுவாங்களாம், இல்லைன்னா திரும்பி வரணும். சங்கு ஊதி கொஞ்ச நேரத்துல தெருமுனையில சைக்கிள் சத்தம் கேட்டா இன்னிக்கு வேலை இல்லைன்னு அம்மாவுக்கு விளங்கிருமாம், உடனே போய் கொஞ்சம் சோத்துல தண்ணிய ஊத்தி வச்சிருவாங்களாம். சங்கு ஊதி ரொம்ப நேரம் சைக்கிள் சத்தம் கேக்கலைன்னாத்தான் உலையில அரிசி போடுவாங்களாம். ரெண்டு வருசத்துக்கு மேல இப்படியே ஓடியிருக்கு. உள்ள கூப்பிட்டா பெரும்பாலும் ஸ்பீட் பிரேம்லதான் விடுவாங்களாம். ரிங் பிரேம் எல்லாம் பெர்மனென்ட் ஆன பிறகுதான்.

கீறல் விட்ட பாபினை விறகுக்குக் கழிச்சுப் போடுவாங்களாம். அப்பா காசு குடுத்து வாங்குன விறகுக் கட்டுல இது ஒண்ணு வந்திருக்கு. அம்மா அடுப்புல வைக்க எடுத்திருக்காங்க, அப்பா பிடுங்கி "இது பூரிக்கட்டைக்கு ஆகும்"னாங்களாம். பெர்மனென்ட் ஆர்டர் வந்த அன்னிக்கு அதை வச்சுத்தான் பூரி போட்டாங்களாம். அந்தப் பச்சைப் பெயிண்ட் தேஞ்சது மிசின்ல இல்லயாம், அம்மா கையிலயாம்.

நான் நாலாங்கிளாஸ் வரைக்கும் தின்ன பூரி எல்லாம் அதுல உருட்டுனதுதான். எனக்குத் தெரியவே தெரியாது.

---

சிவந்திபுரத்துப்பிள்ளை:

வாசிச்சுட்டு அழுதுட்டேன். எங்க வீட்லயும் பாபின்தான் பூரிக்கட்டை. எல்லா வீட்லயும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், கட்டிக்கொடுத்து வேற ஊரு போன பிறகுதான் கடையில அதை விக்கிறாங்கன்னே பாத்தேன்.

---

பழைய_சைடர்:

தம்பி, பேத்திக்கு டைப் பண்ண முடியல, கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்கா. பதிலியா கேட்ல நின்னவன் நானும்தான். உள்ள கூப்பிடலைன்னா உடனே வீட்டுக்குப் போக மாட்டோம், பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கணுமே. ஆத்துல போயி ஒரு முங்கு முங்கிட்டு, தலை காயிற வரைக்கும் பாறையில உக்காந்துட்டுப் போவோம். உங்க அப்பா நேரா வீட்டுக்குப் போயிருக்காங்க.

மில்லு இன்னும் இருக்கு, அன்னிக்கு மாதிரி ஆள் கூட்டம் கிடையாது. சித்திரை விசுவுக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. அம்பாசமுத்திரத்துல இறங்கி பாபநாசம் பஸ் பிடிச்சா போதும். வீடு எந்தத் தெருவுல இருந்துச்சுன்னு அம்மாகிட்ட கேட்டு எழுதுங்க, இப்ப அங்க யாரு இருக்காங்கன்னு நான் போய்ப் பாத்து வச்சிருக்கேன். பாபினையும் எடுத்துட்டு வாங்க, கைல வாங்கி ஒரு தடவை பாக்கணும்.